காற்று விடாத பின்னறை

விமானம் இரத்மலானையிலிருந்து எழும்பியபோது கமலாசனி முன்னாலும் அவள் கணவர் பின்னாலும் இருந்தார்கள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் முன்னால் நடக்க, அவள் பின்னால் போய்த்தான் பழக்கம். இன்று மட்டும் அது மாறியிருந்தது. யாரோ சொல்லக் கேட்ட செய்தி போல அது அவளுக்குத் தெரிந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

கனகலிங்கம் பெட்டிக்குள் இருந்தார். வயிற்றில் கட்டி என்று ஸ்கந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு அழைத்து வந்திருந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை. தன் காணி எல்லையில், காட்டை வெட்டித் தான் திருத்திய நிலத்தின் பக்கத்தில் தகனம் செய்ய வேண்டும் என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லியிருந்தார். மகன் பாலன் விறகு வெட்டி, நனையாமல் கிடுகு போட்டு மூடி வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தான். இருபது வயதுப் பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான்.

ஆனால் அது ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி. வெள்ளம் வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ரெயில்பாதையையும் தெருவையும் அறுத்துக்கொண்டு போயிருந்தது. பலாலிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து லொறியில் ஆனையிறவு தாண்டித் தெற்கே வந்தால் ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்துக் கிளிநொச்சியை அடையலாம். கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த கமலாசனியின் தம்பி யோகலிங்கம் எங்கெங்கோ அலைந்து அதற்கு ஒழுங்கு செய்திருந்தான். உடலைத் துத்தநாகத் தகட்டுப் பெட்டியில் வைத்து ஈயத்தால் பற்றவைத்து அடைத்தார்கள். அதை இன்னொரு மரப்பெட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தென்னந்தும்பை நெருக்கித் திணித்தார்கள்.

அந்தச் சிறிய விமானத்தில் பின்வரிசை ஆசனங்களைக் கழற்றிவிட்டு, பலகையால் ஒரு தடுப்பு அடித்திருந்தார்கள். தடுப்புக்கு அப்பால் சாமான் அறை. தபால் மூட்டைகள், வெள்ளத்தால் வீடிழந்தவர்களுக்கான துணிப் பொதிகள், அவற்றின் நடுவே கனகலிங்கம். தடுப்பில் குனிந்து போகக்கூடிய ஒரு கதவு இருந்தது. யோகலிங்கம் அந்தக் கதவுக்குப் பக்கத்து ஆசனத்தையே கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தான்.

கமலாசனிக்குப் பக்கத்தில் உம்மு ஹானி என்ற முஸ்லிம் பெண் இருந்தார். அவருடைய கணவர் றவூப் வவுனியாவில் விறகுகாலை, அதாவது விறகுக்கடை, வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்தில் உம்மு ஹானியின் அக்காவுக்கு வருத்தம் கடுமை என்று கேள்விப்பட்டு, கொழும்புக்கு வந்திருந்த இருவரும் அங்கிருந்தே புறப்பட்டுவிட்டார்கள். றவூப் முன்னால் இருந்து யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கட வீட்டுக்கு மேலாலதான் போகுதாம்," என்றார் உம்மு ஹானி. "விறகுகாலை தெரியுதோ எண்டு பாக்கிறார். ஆக்கள் விறகு களவெடுக்கினமோ எண்டு மேல நிண்டு பிடிக்கப் போறாராக்கும்."

முன்னாலிருந்து றவூப் திரும்பாமலே, "பிடிச்சா இறங்கி அடிக்கேலாதே," என்றார்.

கமலாசனி தலையசைத்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று விளங்கியது. உம்மு ஹானி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கதைக்காமல் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பின்னுக்கு இருக்கிறது உங்கட ஆளோ, தங்கச்சி?"

"ஓம்."

"அல்லாஹ்." அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு அவர் கமலாசனியின் முழங்கையோடு தன் முழங்கை தொடும்படி நெருங்கி உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் அந்த நாட்களில் நிறையப் பேசியிருந்தார்கள். முழங்கை மட்டும் தந்தவர் இவர் ஒருவர்தான்.

கீழே எங்கும் தண்ணீர். குளம் எது, வயல் எது, தெரு எது என்று பிரித்தறிய முடியவில்லை. கமலாசனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புகை மணத்தது. அவள் பொருட்படுத்தவில்லை. செத்தவீட்டு மணம் சேலையிலும் தலைமயிரிலும் ஏறியிருக்கிறது என்று எண்ணினாள்.

பணியாளர் தில்லைநாதன் தேநீர்த் தட்டோடு பின்னால் போனவர், தடுப்புக் கதவருகே நின்றார். அவர் கரவெட்டிப் பக்கத்து மனிதர். ஏறும்போது கமலாசனிக்குக் கைகொடுத்து, "பாத்து, அம்மா" என்றவர். தட்டைக் கீழே வைத்துவிட்டு, புறங்கையைக் கதவுப் பலகையில் மெல்ல வைத்துப் பார்த்தார். மேலே, நடுவே, கீழே. பிறகு அவசரம் காட்டாமல் விமானி இருந்த முன்னறைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒவ்வொரு ஆசனத்துக்கும் மேலேயிருந்த காற்றுக் குழல்களை வரிசையாகத் திருகி மூடத் தொடங்கினார்.

"ஏன் தம்பி மூடுறீர்? வேர்க்குது," என்றார் ஒரு பருத்த மனிதர்.

"கொஞ்ச நேரம் பொறுங்கோ, ஐயா. பின்னறையில ஏதோ புகையுது. வவுனியாவில பழைய இராணுவ ஓடுதளம் இருக்கு. அதில இறங்கப் போறம்."

"புகையுதெண்டால் காத்தைத் திறந்தெல்லோ விடவேணும்."

"எங்களுக்கு வாற காத்துத்தான் அந்தத் தடுப்பு இடுக்குகளால பின்னுக்கும் போகுது. நெருப்புக்கும் அதுதான் மூச்சு. கப்டன் முன்னுக்கிருந்து வாற பெரிய குழாயையும் பூட்டிப்போட்டார். பின்னறைக்கெண்டு தனியா ஒரு துவாரம் இருக்கு, அதையும் பூட்டியாச்சு. இனி அதுக்குள்ள கிடக்கிற காத்து முடிய நெருப்பும் அடங்கும்." அவர் சுற்றிலும் பார்த்துச் சொன்னார்: "ஒருவரும் யன்னலைத் தொடவேண்டாம். கதவைத் தொடவேண்டாம்."

அவர் கம்பளிப் போர்வைகளைக் குடிதண்ணீரில் நனைத்து, தடுப்பின் கீழ் இடுக்கிலும் கதவு நிலையைச் சுற்றியும் திணித்தார். தீயணைக்கும் வாயு நிரப்பிய போத்தலின் குழாயைப் பலகையிலிருந்த சிறு துளையில் செருகி, முழுவதையும் உள்ளே விட்டார். அது சீறி முடிந்ததும் துளையையும் ஈரத்துணியால் அடைத்தார்.

விமானம் தாழத் தொடங்கியது. உள்ளே புழுக்கம் கூடியது. ஆட்களின் வியர்வையும் தேநீரின் மணமும் கலந்து தொண்டையில் நின்றன. மெல்லிய புகை, தடுத்தும் நிற்காமல், கூரையோடு ஊர்ந்து வந்தது. யாரோ இருமினார்கள். முன்னறையிலிருந்து ஏதோ கட்டளை வர, தில்லைநாதன் எல்லாரையும் முன்வரிசைகளுக்கு வந்து நெருங்கி உட்காரச் சொன்னார். அங்கே இரண்டொரு குழல்களை மட்டும் விரலளவு திறந்துவிட்டார். சனத்துக்கு மூச்சுவிடக் கொஞ்சம் காற்று வேண்டும், அது முன்னால் இருந்தால் புகையையும் பின்பக்கமாகத் தள்ளி வைக்கும் என்றார். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. விமானி ஒவ்வொரு முறை அளவு மாற்றச் சொன்னபோதும் அவர் அதன்படி திருகினார்.

எல்லாரும் முன்னால் போனபோது யோகலிங்கம் மட்டும் எழும்பவில்லை. கமலாசனி அவனை அழைத்துவரப் பின்னால் போனாள். அவனுடைய முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அக்கா, நான்தான்," என்றான்.

"என்ன?"

"ஊதுபத்தி. பெட்டியை ஏத்தேக்க நான் உள்ள போனனான். அத்தானுக்குச் சீவன் போன நேரம் தொட்டு ஒரு விளக்கில்லை. தலைமாட்டில விளக்கில்லாமல் விடுறதோ அக்கா? விளக்குக் கொளுத்த விடமாட்டினம் எண்டு தெரியும். அதுதான் ஒருவரும் காணாமல் பலகை இடுக்கில ஊதுபத்தியைச் செருகிவிட்டனான். சுடர் இல்லை, வெறும் புகைதானே எண்டு நினைச்சன்."

பலகை இடுக்கு. அதற்குள்ளே தும்பு. கமலாசனிக்கு விளங்கியது. தும்புக்குச் சுடர் வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே ஊர்ந்து பிடிக்கும்.

"அத்தான் எரியிறார், அக்கா. ஆருமில்லாமல், மந்திரமில்லாமல், தபால் மூட்டையளோட எரியிறார்." அவன் எழுந்து கதவுக் கொளுக்கியில் கைவைத்தான். "பெட்டியை இழுத்து இஞ்சால எடுத்துப்போட்டால் தண்ணி ஊத்தி அணைச்சுப்போடலாம். ஒரு நிமிசம். ஒரு நிமிசம் போதும்."

கமலாசனி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தில்லைநாதனும் ஓடிவந்து கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். அவர் அவனைத் தள்ளவில்லை. கமலாசனியைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மா, உள்ள இருக்கிறது ஆர் எண்டு எனக்குத் தெரியும். இதைக் கப்டன் கேட்டுவரச் சொல்லேல்லை, நானாத்தான் சொல்லுறன். இதைத் திறந்தால் உள்ள காத்துப் போகும். இப்ப மூச்சடங்கிக் கிடக்கிற நெருப்பு எழும்பி இந்த வழியால வரும். பிறகு ஒருவரும் தப்பேலாது. திறக்காட்டில், உங்கட அவருக்கு என்ன நடக்குமெண்டு என்னால சொல்லேலாது."

முன்னால் இருமல் சத்தம் கேட்டது. ஒரு தாய் குழந்தையின் முகத்தைத் தன் மார்போடு அணைத்து, ஈரச் சீலைத் துண்டால் மூடியிருந்தாள். அந்தத் துண்டை உம்மு ஹானி தன் சேலைத் தலைப்பிலிருந்து கிழித்து நனைத்துக் கொடுத்திருந்தார்.

கமலாசனி கதவைப் பார்த்தாள். அவர் அதற்கு அப்பால் ஐந்தாறு அடி தூரத்தில் இருந்தார். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை யார் தந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. இறைவன் சில வேளைகளில் மனிதருக்குத் துயரத்தைப் பிறகுக்கு வைத்துவிட்டு, செய்ய வேண்டியதை முதலில் காட்டிவிடுகிறார்.

"பூட்டியே இருக்கட்டும்," என்றாள்.

"அக்கா, பாலன் விறகு வெட்டி வைச்சிருக்கிறான்."

"தெரியும். வா, முன்னுக்கு."

அவன் வந்தான். அவள் விடாமல் பிடித்திருந்தாள். றவூப் எழுந்து, யன்னலோரத்துத் தன் இடத்தில் யோகலிங்கத்தை உட்காரவைத்து, தான் நடைபாதையில் குந்தினார்.

*

ஓடுதளம் பாதி தண்ணீரில் கிடந்தது. விமானம் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, ஒரு பக்கம் சறுக்கி நின்றது. கதவு திறந்ததும் எல்லாரும் மழைக்குள் இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. கமலாசனி இறங்கிச் சற்றுத் தூரம் நடந்து, புல்லில் நின்றாள். மழை பட்ட இடமெல்லாம் குளிர்ந்தது. அது வேறு யாருடைய உடம்போ போலிருந்தது.

தகவலறிந்து காவல் கொட்டிலிலிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவன், சாமான் அறையின் வெளிக்கதவை நெம்புவதற்கு அலவாங்கை ஓங்கினான். விமானி அவனைத் தடுத்தார். நரைத்த தலையும் மெலிந்த உடலும் கொண்ட, தமிழ் தெரியாத மனிதர் அவர். விமானத்தின் பின்பக்கத் தகட்டில் விழுந்த மழை இன்னமும் ஆவியாகிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவர் அங்கேயே நின்றார். இடையிடையே புறங்கையால் தொட்டுப் பார்த்தார். தகடு குளிர்ந்த பிறகு, மண் வாளிகளை அருகில் வைத்துக்கொண்டு, கதவைக் கையளவு மட்டும் திறக்கச் சொன்னார். கரும்புகை புரண்டு வந்தது. நெருப்பு எழும்பவில்லை. பிறகு முழுவதும் திறந்தார்கள்.

தில்லைநாதன் வந்து கமலாசனியிடம் சொன்னார். மரப்பெட்டி எரிந்து கரியாகிவிட்டது. உள்ளிருந்த தகட்டுப்பெட்டி அப்படியே இருக்கிறது. ஆனால் வெக்கையில் ஒரு பக்கத்து ஈயம் உருகி, பற்று விட்டுவிட்டது.

"அவர்?"

"அவருக்கு ஒண்டுமில்லை, அம்மா." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமில்லாதது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். "நெருப்பு அவரைத் தொடேல்லை. ஆனால் பெட்டி திறந்துபோச்சு. இனிமேல் நாள் தாங்காது."

அப்போதுதான் யோகலிங்கம் விமானியிடம் போனான். தில்லைநாதனை மொழிபெயர்க்க விடாமல், தானே ஆங்கிலத்தில் சொன்னான். கமலாசனிக்கு வார்த்தைகள் விளங்கவில்லை. அவன் விரல்களால் ஊதுபத்தியைச் செருகுவது போலக் காட்டியது விளங்கியது. கோபத்தில் விமானியின் தாடை இறுகியது. குழந்தையோடு நின்ற தாயின் பக்கம் ஒருமுறை பார்த்தார். கடைசியில் ஏதோ சொல்லிவிட்டுத் தன் மழைச்சட்டையைக் கழற்றி, நனைந்துகொண்டிருந்த யோகலிங்கத்தின் தோளில் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"என்னவாம்?" என்று கமலாசனி கேட்டாள்.

"எல்லாத்தையும் எழுதித்தான் அனுப்புவாராம். விசாரணை வரும். கதவைத் திறக்கேல்லை எண்டதையும் எழுதுவாராம்," என்றான் யோகலிங்கம். "திறக்காதது நீ எண்டு நான் சொன்னனான்."

இனி என்ன செய்வது என்று யாரும் அவளிடம் கேட்கத் துணியவில்லை. வடக்கே தெரு அறுந்து கிடந்தது. தந்திக்கம்பிகளும் விழுந்திருந்தன. தண்ணீர் வற்ற எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அவர்கள் புறப்பட்ட ஊரும் தூரம், போக வேண்டிய ஊரும் தூரம். ஒரு கட்டத்தில் கமலாசனியே சொன்னாள்.

"இஞ்சையே செய்வம்."

விமானியின் வானொலி பலாலியோடு பேசும் என்றார்கள். அங்கிருந்து யாராவது கிளிநொச்சி வழியாக ஸ்கந்தபுரத்துக்குச் சொல்லி அனுப்புவார்களாம். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார் தில்லைநாதன். அவள் யோசித்தாள்.

"அப்பாவை வவுனியாவில தகனம் செய்யிறம், தெருவில நிண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் சுகம் எண்டும் சொல்லுங்கோ. சாப்பிடச் சொல்லுங்கோ."

ஊரெல்லாம் நனைந்து கிடந்த அந்த நாளில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? றவூப் அதை அவர்கள் நினைப்பதற்கு முன்பே நினைத்திருந்தார். தன் விறகுகாலையில் கூரைக்குக் கீழே கிடந்த பாலைமர விறகை மாட்டுவண்டியில் ஏற்றச் சொல்லி, இறங்கிய கையோடு ஆள் அனுப்பியிருந்தார்.

"மேல நிண்டு பாத்தனான், விறகுகாலை தெரிஞ்சது," என்றார். "தண்ணி ஏறேல்லை. இது ஆருக்கு எண்டு அப்ப தெரியாது."

அந்த ஊர்ச் சைவக்காரர் சிலர் கூடினார்கள். பூசை செய்யும் ஏரம்பு என்பவர் வந்து, கிரியைக்கு வேண்டியவற்றைச் சேர்த்தார். கொள்ளி வைப்பது யார் என்று கேட்டார். பிள்ளை வரமுடியாது. சகோதரங்களும் இங்கே இல்லை.

"தம்பி வைப்பான்," என்றாள் கமலாசனி.

யோகலிங்கம் பின்வாங்கினான். "நானோ? அக்கா, என்ர கையாலயோ? வேண்டாம். வேற ஆரையும் கேளுங்கோ. மனிசியின்ர தம்பி வைக்கிற முறையும் இல்லை."

"முறை இல்லைத்தான்," என்றார் ஏரம்பு. "ஆனால் ஆளில்லாத இடத்தில செய்யலாம். மனமிருந்தால் காணும்."

"உன்ர அத்தான் உன்னைத்தான் கொழும்பில தேடினவர்," என்றாள் கமலாசனி. "கட்டிலைச் சுத்தி வேற ஆர் நிண்டது? நீ வை."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவன் அவளுடைய முகத்தில் கோபத்தைத் தேடினான். மன்னிப்பையும் தேடினான். அந்த முகத்தில் இரண்டும் இல்லை. ஒரு வேலையை அதைச் செய்யக்கூடியவனிடம் கொடுக்கும் பெண்ணின் முகம்தான் இருந்தது. அவன் சட்டையைக் கழற்றினான்.

வழக்கப்படி பெண்கள் சுடலைக்குப் போகவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை கமலாசனி பார்த்துக்கொண்டு நின்றாள். விமானியும் தில்லைநாதனும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் வண்டிக்குப் பின்னால் நடந்து போனார்கள்.

உம்மு ஹானி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், கிணற்றில் தலை முழுக வைத்து, உடுத்தத் தன் புதுச் சேலையொன்றைத் தந்தார். குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்த்தினார்.

"எங்கட வீட்டில நீங்கள் தின்னுவீங்களோ தெரியாது," என்றார். "இளநீர் வெட்டித் தாறன். அதில எங்கட கை படாது."

கமலாசனி இளநீரை வாங்கிக் குடித்தாள். அது தித்திப்பா, உவர்ப்பா என்று தெரியவில்லை. தொண்டைக்குள் இறங்கியது தெரிந்தது. கொல்லையில் கோழிகள் நனைந்த இறகை உதறிக்கொண்டு நின்றன. உம்மு ஹானி எதுவும் கேளாமல் அரிசியில் கல் பொறுக்கினார். யாழ்ப்பாணத்தில் கிடக்கும் தன் அக்காவைப் பற்றி அவர் அன்று முழுவதும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பின்னேரம் யோகலிங்கம் குளித்து ஈர வேட்டியோடு வந்தான். முற்றத்தில் தள்ளி நின்றான்.

"முடிஞ்சுது, அக்கா. விறகு நல்லாய் பிடிச்சுது."

"ம்."

"பாலனுக்கு எல்லாத்தையும் நான்தான் சொல்ல வேணும். அவன் என்னோட கதைக்காமல் விட்டாலும் சொல்ல வேணும்."

"சொல்லு," என்றாள் கமலாசனி. "நான் பக்கத்தில இருப்பன்."

அவன் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சோறு ஆகிட்டுதோ? தம்பிக்குக் கொஞ்சம் போடுங்கோ. எனக்கும் போடுங்கோ."

உம்மு ஹானி இரண்டு சோற்றுக் கோப்பைகளைக் கழுவினார்.